பசுமை ஹைட்ரஜனும் மின்சாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் மணிக்கு 10 கனமீட்டர் பசுமை ஹைட்ரஜன் (புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தால் தண்ணீரிலிருந்து பிரித்தெடுப்பது) தயாரிக்கும் சிறிய நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும், மின்வாகனங்களுக்கு மின்னேற்றும் இடத்துக்கும் அதிலிருந்து மின்சாரம் கிடைக்கிறது. 10 கனமீட்டர் என்பது எடையில் ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவுதான். ஆனாலும் கண்ட்லா, பாராதீப் ஆகியவற்றோடு தூத்துக்குடியும் ஹைட்ரஜன் மையமாகத் தேர்வு செய்யப்பட்டிருப்பதால், இனி எல்லாமே ஹைட்ரஜனில்தான் ஓடுமா, மின்சாரத்தில் ஓடுபவை என்னவாகும் என்ற கேள்விகள் பரவலாக எழுகின்றன. அவற்றுக்கு இயன்றவரை கணக்கோடு பதில் சொல்வதே இந்தப் பக்கத்தின் நோக்கம்.

கேள்வி: ஹைட்ரஜன் ஓர் எரிபொருள்தானே? அதை ஏன் மின்சாரத்தோடு சேர்த்துப் பேச வேண்டும்?

நிலக்கரியைத் தோண்டி எடுப்பதுபோல ஹைட்ரஜனை நாம் தோண்டி எடுப்பதில்லை. அது பெரும்பாலும் தண்ணீரிலும் இயற்கை எரிவாயு போன்ற சேர்மங்களிலும் பிணைந்தே கிடக்கிறது. பிரித்தெடுக்க ஆற்றலைச் செலவிட்டாக வேண்டும். பள்ளி ஆய்வகத்தில் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சிக் காட்டிய சோதனை பலருக்கும் நினைவிருக்கும். தலைகீழாகக் கவிழ்த்த இரண்டு கண்ணாடிக் குழாய்களில் குமிழிகள் மேலேறும். ஒரு குழாயில் சேரும் வாயு மற்றதில் சேர்வதைப் போல இரு மடங்கு இருக்கும். அதுதான் ஹைட்ரஜன், பாதியளவு இருப்பது ஆக்சிஜன். மின்னாற்பகுப்பு எனப்படும் இதே வேலையைத் தொழிற்சாலையில் எலக்ட்ரோலைசர் என்ற கருவி செய்கிறது.

ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பிரிக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். அந்த ஒரு கிலோவுக்குள் இருக்கும் ஆற்றலோ சுமார் 33 யூனிட். அதை எரிபொருள் கலம் என்ற கருவியில் செலுத்தி மறுபடி மின்சாரமாக்கினால் கையில் கிடைப்பது 16 முதல் 18 யூனிட் வரைதான். ஆகவே பசுமை ஹைட்ரஜன் என்பது மின்சாரத்துக்கு மாற்று அன்று. மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கை இழந்து பெறும் ஒரு வடிவம். துறைமுகத் தெருவிளக்குகளையும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்க்க வேண்டும். அது தொழில்நுட்பத்தைக் கையாளப் பழகுவதற்கான முயற்சி. விளக்கெரிக்கச் சிக்கனமான வழி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: சாம்பல், நீலம், பசுமை என்று நிறம் சொல்கிறார்களே, வாயுவுக்கு நிறம் உண்டா?

இல்லை, அது நிறமற்ற வாயு. தயாரிக்கும் முறையைக் குறிக்கவே இந்தப் பெயர்கள். இயற்கை எரிவாயுவை நீராவியோடு வினைபுரியச் செய்து எடுப்பது சாம்பல் ஹைட்ரஜன். ஒரு கிலோவுக்கு 9 முதல் 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அந்தக் கரிமத்தின் பெரும்பகுதியைப் பிடித்து நிலத்தடியில் தேக்கினால் நீலம். புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்தால் பசுமை. இந்திய அரசு 2023 ஆகஸ்டில் வகுத்த வரையறையின்படி, ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோவுக்கு மேல் கரிம உமிழ்வு இருந்தால் அதைப் பசுமை என்று சொல்ல முடியாது. உலகம் இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி டன் ஹைட்ரஜனைப் பயன்படுத்துகிறது. அதில் தூய முறையில் தயாராவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

கேள்வி: வீட்டுக்கு வரும் சாதாரண மின்சாரத்திலேயே ஹைட்ரஜன் தயாரிக்கலாமே?

தயாரிக்கலாம், ஆனால் அது சாம்பல் ஹைட்ரஜனைவிட மோசமானதாகிவிடும். இந்திய மின்தொகுப்பில் நிலக்கரியின் பங்கு இன்னும் மிக அதிகம் என்பதால், ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. மேலே சொன்ன 50 முதல் 55 யூனிட்டுக்கு இடைப்பட்ட 52ஐ எடுத்துக்கொண்டு பெருக்கினால் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 36 கிலோவுக்கு மேல் வருகிறது. எரிவாயுவிலிருந்து எடுப்பதைப் போல நான்கு மடங்கு. "மின்சாரத்தில் செய்தது" என்ற சொல் மட்டும் எதையும் தூய்மையாக்கிவிடாது. அந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

கேள்வி: இந்தியாவின் இலக்கு என்ன? அதற்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்?

2023 ஜனவரி 4 அன்று மத்திய அமைச்சரவை 19,744 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி, அதற்கென்றே ஏறத்தாழ 1,25,000 மெகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்திறன் என்பவை அதன் இலக்குகள். 50 லட்சம் டன்னுக்கு வேண்டிய மின்சாரத்தைக் கணக்கிட்டால் சுமார் 26,000 கோடி யூனிட் வருகிறது. தமிழ்நாட்டின் வீடுகள், ஆலைகள், பம்புசெட்டுகள், கடைகள் அனைத்தும் சேர்ந்து ஓராண்டில் பயன்படுத்தும் மின்சாரத்தைப் போல இது ஏறத்தாழ இரு மடங்கு. ஹைட்ரஜனைப் பற்றிப் பேசும்போது இந்த அளவை மனத்தில் கொள்ளாமல் பேசுவது பொருளற்றது.

கேள்வி: பேட்டரி காரைவிட ஹைட்ரஜன் கார் மேலானது இல்லையா? ஐந்தே நிமிடத்தில் நிரப்பிவிடலாமாமே?

நிரப்பும் நேரம் குறைவு என்பது உண்மை. டொயோட்டா மிராய் காரில் 5.6 கிலோ ஹைட்ரஜனைக் காற்றழுத்தத்தைப் போல 700 மடங்கு அழுத்தத்தில் அடைக்கிறார்கள். ஒரு கிலோவுக்கு நூறு கிலோமீட்டரும் சற்று மேலும் ஓடும். அந்த ஒரு கிலோவைப் பிரித்து அழுத்தி நிரப்ப ஏறக்குறைய 55 யூனிட் செலவாகியிருக்கும். அதே 55 யூனிட்டைப் பேட்டரி காரில் நேரடியாக ஏற்றினால் 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். இழப்பு இயற்பியலிலிருந்து வருவது. ஆராய்ச்சியால் கொஞ்சம் குறைக்கலாம், நீக்க முடியாது. கலிபோர்னியாவில் கார்களுக்கான ஹைட்ரஜன் நிரப்பு நிலையங்களை ஷெல் நிறுவனம் 2024இல் மூடிவிட்டது. அதே ஆண்டில் உலகெங்கும் 1.7 கோடிக்கு மேற்பட்ட மின்கார்கள் விற்றன. இருசக்கர வாகனம், ஆட்டோ, கார், நகரப் பேருந்து ஆகியவற்றைப் பொறுத்தவரை இந்த விவாதம் முடிந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: அப்படியானால் சென்னையில் ஹைட்ரஜன் ரயில் ஏன் தயாராகிறது?

பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆலையில் உருவான ஹைட்ரஜன் ரயில் பெட்டி 2025 ஜூலையில் சோதிக்கப்பட்டது. அரியானாவின் ஜிந்த்-சோனிபட் பாதைக்கென உருவானது அது. நீலகிரி மலை ரயில் போன்ற பாரம்பரியப் பாதைகளுக்காக 35 ஹைட்ரஜன் ரயில்கள், ரயில் ஒன்றுக்கு 80 கோடி ரூபாய் என ரயில்வே திட்டம் வகுத்திருக்கிறது. மின்கம்பம் நட முடியாத, நடக் கூடாத மலைப்பாதைகளுக்கு இது பொருந்தக்கூடும். மற்ற இடங்களில் இதற்குத் தேவை மிகக் குறைவு. நம் அகலப் பாதைகள் ஏறத்தாழ முழுவதும் மின்மயமாகிவிட்டன. கம்பியிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் ரயிலைவிடச் சிக்கனமான ஊர்தி தரையில் கிடையாது. ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலம் 2022இல் ஹைட்ரஜன் ரயில்களைப் பயணிகள் சேவையில் இறக்கியது. அடுத்த ஆண்டே, இனி வாங்குபவை பேட்டரி ரயில்களாக இருக்கும், அவையே செலவு குறைந்தவை என்று அறிவித்தது.

கேள்வி: சமையல் எரிவாயுவில் ஹைட்ரஜனைக் கலக்கலாமா?

குஜராத்தின் காவாஸில், மத்திய அரசின் மின் நிறுவனமான என்.டி.பி.சி.யின் குடியிருப்புக்குச் செல்லும் குழாய் எரிவாயுவில் 2023 முதல் சிறு விகிதத்தில் கலந்து பார்க்கிறார்கள். ஆனால் கன அளவில் ஹைட்ரஜனின் ஆற்றல் எரிவாயுவின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கே. 20 சதவீதம் கலந்தாலும் கரிம உமிழ்வு 7 சதவீதம் அளவுக்குத்தான் குறையும். தூய மின்சாரம் கையில் இருக்கும் வீட்டுக்கு இண்டக்‌ஷன் அடுப்பே நேர்வழி.

கேள்வி: எல்லாவற்றுக்கும் மின்சாரமே போதும் என்றால், ஹைட்ரஜன் எங்குதான் தேவை?

கம்பி போய்ச் சேர முடியாத இடத்தில் தேவை. இன்னும் துல்லியமாகச் சொன்னால், ஆற்றலுக்காக இல்லாமல் ஒரு மூலப்பொருளாகவே ஹைட்ரஜன் வேண்டியிருக்கும் தொழில்களில் அதற்கு மாற்றே கிடையாது. அவற்றில் முதலாவது உரம்.

காற்றிலுள்ள நைட்ரஜனோடு ஹைட்ரஜனைச் சேர்த்தால் அம்மோனியா, அதிலிருந்து யூரியா. ஒரு யூரியா மூட்டையை எடுத்துக்கொள்வோம். எடை 45 கிலோ. அதற்குள் சென்றிருக்கும் அம்மோனியா 25 கிலோவுக்குச் சற்று மேல். அந்த அம்மோனியாவுக்குள் இருக்கும் ஹைட்ரஜன் நாலரைக் கிலோ. இந்த நாலரைக் கிலோவைப் பசுமை முறையில் எடுக்க ஏறத்தாழ 235 யூனிட் மின்சாரம் வேண்டும். யூனிட் 4 ரூபாய் என்று வைத்தாலும் 900 ரூபாயைத் தாண்டுகிறது. உழவர் அந்த மூட்டைக்குக் கொடுக்கும் அடிப்படை விலையோ, அரசு மானியம் போக, 242 ரூபாய். வயலில் வீசப்படும் ஒவ்வொரு பிடி யூரியாவிலும் எவ்வளவு ஆற்றல் ஒளிந்திருக்கிறது என்பது இதிலிருந்து புரியும்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு சிக்கலும் உண்டு. யூரியாவுக்கு அம்மோனியா மட்டும் போதாது, கார்பன் டை ஆக்சைடும் வேண்டும். அதே மூட்டைக்கு 33 கிலோ. இன்றைய உர ஆலைகளில் எரிவாயுவைப் பிளக்கும்போது வெளியேறும் கார்பன் டை ஆக்சைடையே அதற்குப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். பசுமை ஹைட்ரஜனுக்கு மாறினால் அந்த வரத்து நின்றுவிடும். ஆகவே டி.ஏ.பி. போன்ற, கரிமம் தேவைப்படாத உரங்களில்தான் பசுமை அம்மோனியா முதலில் நுழைகிறது. மத்திய அரசின் சார்பில் 2025இல் நடந்த ஏலங்களில், உர ஆலைகளுக்கான பசுமை அம்மோனியாவின் விலை கிலோவுக்கு ஏறத்தாழ 50 முதல் 65 ரூபாய் வரை வந்தது. பலர் எதிர்பார்த்ததைவிட இது மிகவும் குறைவு.

இந்த முயற்சி இந்தியாவுக்குப் புதிதும் இல்லை. பஞ்சாபின் நங்கல் உர ஆலை 1960களிலேயே பக்ரா அணையின் புனல் மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து, அந்த ஹைட்ரஜனில் உரம் தயாரித்தது. பசுமை ஹைட்ரஜன் என்ற பெயர்தான் அப்போது இல்லை. மலிவான எண்ணெயும் எரிவாயுவும் வந்தபின் அந்த வழி கைவிடப்பட்டது.

சுத்திகரிப்பு ஆலைகளில் டீசலிலும் பெட்ரோலிலும் உள்ள கந்தகத்தை நீக்க ஹைட்ரஜன் வேண்டும்; மணலியில் இருப்பதும் இப்படிப்பட்ட ஆலைதான். மின்வாகனங்கள் பெருகப் பெருக இந்தத் தேவை தானே குறையும்.

எஃகின் கதை வேறு. ஊதுலையில் நிலக்கரிக் கரிமம்தான் இரும்புத் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பறிக்கிறது. ஒரு டன் எஃகுக்கு ஏறத்தாழ 2 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. கரிமத்துக்குப் பதில் ஹைட்ரஜன் அந்த வேலையைச் செய்தால் வெளியேறுவது நீராவி. சுவீடனின் லூலியோ நகரில் 2021இல் இப்படிச் செய்து காட்டினார்கள். டன்னுக்கு 50 கிலோவுக்கு மேல் ஹைட்ரஜன் தேவை என்பதால், மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் இடத்தில்தான் இது நிலைக்கும். ஜெர்மனியில் இரண்டு எஃகு ஆலைகளை இப்படி மாற்றும் திட்டத்தை ஆர்செலர்மிட்டல் நிறுவனம் 2025 ஜூனில் கைவிட்டதற்கு உயர்ந்த எரிசக்திச் செலவும் ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: ஆடிக் காற்றில் காற்றாலை மின்சாரம் மிஞ்சுகிறதே, அதை ஹைட்ரஜனாகச் சேமிக்கலாம் அல்லவா?

ஆரல்வாய்மொழிக் கணவாயில் வைகாசி தொடங்கி ஆவணி முடிய வீசும் காற்று கார்த்திகையில் இருப்பதில்லை. அதனால் இது நியாயமான கேள்வி. ஆனால் மிச்சத்தைச் சேமிக்கப் பல வழிகள் உண்டு. ஒவ்வொன்றும் திருப்பித் தருவது வேறு. பேட்டரியில் 100 யூனிட் போட்டால் 85க்கு மேல் திரும்பக் கிடைக்கும். கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 1980களிலிருந்து இயங்கும் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம், மின்சாரம் மிஞ்சும் வேளையில் மேல் ஆழியாற்றுத் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கிச் சுழலியை ஓட்டுகிறது. இம்முறையில் 75 முதல் 80 யூனிட் திரும்பும். ஹைட்ரஜனில் 30 முதல் 40.

ஆகவே பகலில் சேமித்து மாலையில் எடுக்கப் பேட்டரியும் நீரேற்று நிலையமும் போதும். ஆடியில் சேமித்து மார்கழியில் எடுப்பதானால் ஹைட்ரஜனைப் பற்றி யோசிக்கலாம்; ஆனால் அவ்வளவு வாயுவை எங்கே வைப்பது? இங்கிலாந்தின் டீசைடில் 1972 முதல் நிலத்தடி உப்புப் படிவங்களில் குடைந்த குகைகளில் வைக்கிறார்கள். தூத்துக்குடியில் உப்பளங்கள் உண்டே என்று சிலர் சொல்வதுண்டு. அது கடல்நீரைக் காயவைத்து எடுக்கும் உப்பு, நிலத்தடிப் படிவம் இல்லை. தமிழ்நாட்டு நிலத்தடி பெரும்பாலும் கடினப் பாறை. அம்மோனியாவாக மாற்றித் தொட்டியில் வைப்பதே இங்கு நடைமுறைக்கு ஏற்றது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மிச்ச மின்சாரத்தை மட்டுமே நம்பி, ஆண்டில் சில நூறு மணி நேரம் ஓடும் எலக்ட்ரோலைசர் அதன் முதலீட்டைத் திரும்ப எடுக்காது.

கேள்வி: குடிக்கவே தண்ணீர் தட்டுப்பாடான ஊரில் தண்ணீரைப் பிரித்து வாயு எடுக்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வேதியியல் கணக்கில் 9 லிட்டர் தண்ணீர் போதும். சுத்திகரிப்பில் கழிவதையும் குளிர்விக்கும் தேவையையும் சேர்த்தால் 20 லிட்டரோ அதற்கு மேலோ ஆகும். ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் தயாரிக்கும் ஆலைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 55 லட்சம் லிட்டர். இதைத் தாமிரபரணியிலிருந்து எடுத்தால், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டை நம்பிப் பயிர்வைக்கும் உழவர்களுக்கும் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊர்களுக்கும் அநீதி.

கடல்நீரை அப்படியே பயன்படுத்த முடியாதா? மேலே சொன்ன ஆய்வகச் சோதனையில் தண்ணீரோடு ஒரு பிடி சமையல் உப்பைச் சேர்த்தால், ஆக்சிஜன் வர வேண்டிய முனையிலிருந்து பிளீச்சிங் பவுடர் வாடை எழும். அது குளோரின், நச்சு வாயு. அதனால் உப்பை முழுவதும் நீக்கிய பிறகுதான் தண்ணீர் எலக்ட்ரோலைசருக்குள் போக வேண்டும். கடல்நீரிலிருந்து ஆயிரம் லிட்டர் நன்னீர் எடுக்க 3 முதல் 4 யூனிட் செலவாகிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வேண்டிய தண்ணீருக்கு இது ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. 52 யூனிட் செலவழிக்கும் தொழிலுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எனவே ஆற்றுநீரைக் கேட்கும் எந்தத் திட்டமும் செலவைக் காரணம் காட்டக் கூடாது.

செலவு தீர்ந்தாலும் கழிவு தீராது. நன்னீரைப் பிரித்த பின் மிஞ்சும், ஏறத்தாழ இரு மடங்கு உப்புச் செறிந்த நீர் மறுபடி கடலுக்கே போகிறது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகளும் கடற்புற்களும் செழித்த மன்னார் வளைகுடா இருக்கிறது. சங்குக் குளிப்பவர்களும் சிறுபடகு மீனவர்களும் அதை நம்பி வாழ்கிறார்கள். அந்தக் கழிவை எந்த ஆழத்தில், எந்த நீரோட்டத்தில், எவ்வளவு கலந்து விடுகிறார்கள் என்பது ஹைட்ரஜன் விலையைப் போலவே முக்கியமான கேள்வி.

கேள்வி: ஹைட்ரஜன் வெடிக்கும் வாயு அல்லவா?

கவனமாகக் கையாள வேண்டிய வாயு. காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் தீப்பற்றும். மிகச் சிறிய பொறி போதும். மணமும் இல்லை, சுடர் பகலில் கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. மிக லேசானது என்பதால் திறந்த வெளியில் விரைந்து மேலேறிக் கலைந்துவிடும். மூடிய கூரையின் கீழ்தான் ஆபத்து. கையாளும் அனுபவம் நம்மிடம் இல்லாமல் இல்லை. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இஸ்ரோ பொறியாளர்கள் மைனஸ் 253 டிகிரி செல்சியஸில் திரவமாகும் ஹைட்ரஜனைக் கொண்டு கிரையோஜெனிக் எஞ்சின்களைச் சோதித்துவருகிறார்கள். 2023இல் சந்திரயான்-3ஐச் சுமந்த ராக்கெட்டின் மேலடுக்கு அந்த எரிபொருளில்தான் இயங்கியது. அந்த அளவு ஒழுங்கும் பயிற்சியும் சாதாரண நிரப்பு நிலையத்தில் எதிர்பார்க்கக் கூடியவையா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: விலை எப்போது குறையும்?

யூனிட் 4 ரூபாய் என்றால் ஒரு கிலோவுக்கு மின்சாரச் செலவே 200 ரூபாயைத் தாண்டுகிறது. எலக்ட்ரோலைசர், வட்டி, பராமரிப்பு தனி. பானிப்பட் சுத்திகரிப்பு ஆலைக்கு ஆண்டுக்கு 10,000 டன் வழங்கும் ஒப்பந்தத்தில் கிலோ விலை 400 ரூபாயை ஒட்டி வந்தது. இரவும் பகலும் மலிவான தூய மின்சாரம் கிடைத்தால்தான் இது இறங்கும்.

கேள்வி: தென் மாவட்டக் காற்றையும் வெயிலையும் முதலில் எதற்குப் பயன்படுத்த வேண்டும்?

52 யூனிட் காற்றாலை மின்சாரம் நம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை மின்தொகுப்பில் செலுத்தி, தூத்துக்குடி அனல் மின்நிலையம் போன்ற ஒன்றில் அதே 52 யூனிட்டைக் குறைத்தால் ஏறத்தாழ 50 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறாமல் தடுக்கலாம். மின்காரில் ஏற்றி ஒரு பெட்ரோல் காருக்கு ஓய்வு கொடுத்தால் 40 கிலோ அளவுக்குத் தடுக்கலாம். ஹைட்ரஜனாக்கி உர ஆலையின் சாம்பல் ஹைட்ரஜனை மாற்றினால் 10 கிலோ. ஒரே காற்று, ஒரே கம்பி, ஐந்து மடங்கு வேறுபாடு.

இதனால் ஹைட்ரஜன் வேண்டாம் என்று ஆகிவிடாது. உரமும் எஃகும் வேறு எந்த வழியிலும் தூய்மையாகப் போவதில்லை. அந்தத் தொழில்நுட்பத்தை இன்றே பழகாவிட்டால் பின்னாளில் பிறரிடம் வாங்க வேண்டியிருக்கும். சிறிய, உண்மையான தேவையுள்ள திட்டங்களை இப்போதே தொடங்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நம் அனல் உலைகள் எரிந்துகொண்டிருக்கையில், இங்குள்ள காற்றை அம்மோனியாவாக்கிக் கப்பலேற்றி வேறொரு நாட்டின் உமிழ்வைக் குறைக்கும் திட்டங்களுக்கு முதலிடம் கொடுப்பதை ஏற்க முடியவில்லை.

கேள்வி: எங்கள் ஊரில் பசுமை ஹைட்ரஜன் ஆலை வருகிறது. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் என்ன கேட்கலாம்?

மின்சாரம் புதிதாக நிறுவப்படும் காற்றாலை, சூரிய மின் பண்ணைகளிலிருந்து வருகிறதா, அல்லது ஏற்கெனவே மாநிலத்துக்குக் கிடைத்துவருவதை எடுத்துக்கொள்கிறதா என்று முதலில் கேளுங்கள். காற்றில்லாத மாதங்களில் ஆலை எதில் ஓடும் என்பது அடுத்த கேள்வி. தண்ணீர் ஆற்றிலிருந்தா கடலிலிருந்தா, உப்புக் கழிவு எங்கே வெளியேறும் என்பதை வரைபடத்தோடு காட்டச் சொல்லுங்கள்.

அம்மோனியா தயாரிக்கும் ஆலை என்றால் தொட்டிகளுக்கும் வீடுகளுக்கும் இடையே உள்ள தொலைவையும், குழாய் எந்த வழியாகத் துறைமுகம் போகிறது என்பதையும் கட்டாயம் கேளுங்கள். எண்ணூரில் 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி எழுந்து இருட்டில் ஓட வேண்டியிருந்தது. பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பசுமை முறையில் தயாரித்த அம்மோனியாவும் அதே அம்மோனியாதான். கசிந்தால் எந்த எச்சரிக்கை ஒலி எழும், காற்று எந்தத் திசையில் அடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும், அதை ஊராருக்கு யார் எப்போது பழக்கிக் காட்டுவார்கள் என்பதற்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.